மாமிக்குத் தலை இடிக்காத நாள்

என் முகத்தில் பாதியைக் காணவில்லை என்று மாமி சொன்னபோது நான் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துவது மாமியின் வேலை. அன்றும் தலையை இழுத்துப் பின்னி, ரிப்பன் கட்டி, திருநீறு பூசுவதற்காக என்னைத் தன் பக்கம் திருப்பினார். நெற்றிக்கு வந்த கை பாதியில் நின்றுவிட்டது. கண்ணைச் சுருக்கினார். தலையை ஒரு பக்கம் சரித்துப் பார்த்தார், பிறகு மறுபக்கம் சரித்துப் பார்த்தார்.

“பிள்ளை, உன்ரை முகத்திலை ஒரு பக்கத்தைக் காணேல்லை” என்றார்.

மாமி பகிடி விடுகிற ஆள்தான். ஆனால் பகிடி விடும்போது அவருடைய உதட்டோரம் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். அன்று உதடு அசையவில்லை. நான் வீறிட்டுக்கொண்டு அலுமாரிக் கண்ணாடிக்கு ஓடினேன். கண், காது, மூக்கு எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. கண்ணாடியையும் முழுதாக நம்ப மனம் வராமல் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தேன்; நொந்தது. திரும்பி வந்தபோது மாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டிருந்தார். திருநீறு இல்லாத நெற்றியோடு, ஒரு கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனதை அண்ணை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை.

மாமி என் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்யாமல் சண்டிலிப்பாயில் எங்களோடு இருந்தார். விறாந்தையில் தையல் மெசினைப் போட்டு ஊர்ப் பெண்களுக்குத் தையல் பழக்கியதால் ஊர் முழுவதற்கும் அவர் ‘ரீச்சர்’. அந்த ரீச்சருக்கு மாதத்தில் சில நாட்கள் தலையிடி வரும். வருவதற்கு முன் கொட்டாவி கொட்டாவியாக விடுவார். பிறகு கண்ணுக்குள் ஒரு வெளிச்சம் தொடங்கும். பனைமட்டையின் ஓரத்தில் இருக்கும் கருக்குப் போலப் பல்லுப் பல்லாக, மினுங்கி மினுங்கி, வளைந்துகொண்டே பெருக்கும் என்று ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்தக் கருக்கு, பார்வையில் ஒரு பக்கத்தை அரிந்துகொண்டு போய்விடும். அரிந்த பக்கத்தில்தான் அன்று என் முகம் இருந்திருக்கிறது. வெளிச்சம் ஓய்ந்த பிறகு ஒரு பக்க நெற்றியில், கண்ணுக்குப் பின்னால், வலி இடிக்கத் தொடங்கும். அப்போது வெயில் கூடாது, பேச்சுக் குரல் கூடாது, குசினியில் வெங்காயம் வதங்கும் மணம்கூடக் கூடாது. சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுப்பார். மறுநாள் எழுந்து வரும்போது துவைத்துப் பிழிந்த சீலை மாதிரி இருப்பார்.

இதையெல்லாம் இன்றைக்குத்தான் இப்படி ஒழுங்காகச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார், பித்தம் தலைக்கு ஏறிவிட்டது என்று சொல்லி, சுக்கை உரைத்து நெற்றியில் பூசச் சொன்னார். அயலில் ஒருவர், இது நாவூறு என்று செத்தல் மிளகாயும் உப்பும் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். அந்த நெடியில் மாமி இன்னும் மோசமாகச் சத்தி எடுத்தார். அப்பா, கண்ணை வருத்தித் தைப்பதால் வருகிறது என்றார். அம்மாவுக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. வேலை கூடிய நாள் பார்த்துத்தான் மச்சாளுக்குத் தலையிடி வருகிறது என்பது அவருடைய முடிவு.

அம்மாவை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. எங்களுக்குப் புகையிலைத் தோட்டம். வெட்டிய புகையிலையைக் குடிலுக்குள் தொங்கவிட்டு, காய்ந்த தேங்காய் மட்டையை, நாங்கள் சொல்லும் தென்னம்பொச்சை, மூட்டிப் புகை போடுவார்கள். வீட்டில் எல்லாக் கையும் தேவைப்படும் நாட்கள் அவை. அந்தப் புகை நெடிதான் மாமிக்குத் தலையிடியைக் கொண்டுவரும். நெடியால் வந்ததா, வேலைக் கள்ளத்தால் வந்ததா என்று வெளியில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம், வெட்டுக் காயம் என்றால் இரத்தம் வரும். மாமியின் நோவுக்குச் சாட்சி சொல்ல மாமியைத் தவிர ஒருவரும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் ஒருவரை வீடு எவ்வளவு காலத்துக்கு நம்பும்?

பிறகு பொம்மர் வரத் தொடங்கியது. அது தொண்ணூறுகளின் தொடக்கம். மின்சாரம் போய்விட்டது, சவர்க்காரம் அரிதாகிவிட்டது, தலையிடிக் குளிசையைக் கண்டு வெகுநாளாகியிருந்தது. குண்டு போடும் பிளேனைத்தான் நாங்கள் பொம்மர் என்போம். அதற்குப் பயந்து வளவுக்கு வளவு பங்கர் வெட்டினார்கள். அப்பா எங்கள் மாமரத்துக்குக் கீழே ஆழமாகக் கிடங்கு வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, அதன்மேல் மண் மூடை போட்டார். பக்கத்து வளவில் கொஞ்சம் தோண்டினாலே கல் வந்துவிடும் என்பதால் அவர்களுக்கும் எங்கள் பங்கர்தான். இரண்டு வளவுக்கும் நடுவே கிடுகு வேலி. ஆள் நுழைந்து போய்வர அதில் ஓர் இடைவெளி விட்டிருந்தோம். அதற்குப் பொட்டு என்று பெயர். நெருப்பு வாங்க, உப்பு வாங்க, கதைக்க, கோபம் ஆற எல்லாவற்றுக்கும் அந்தப் பொட்டுத்தான் வழி.

பங்கர் வெட்டி முடிந்த அன்று எல்லாரும் இறங்கிப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏறி வந்தோம். உள்ளே கும்மிருட்டு. மண் குளிர்ந்து கிடந்தது. வெளியில் நின்று கூப்பிட்டாலும் கேட்காது. கடைசியாக இறங்கிய மாமி மட்டும் வெகுநேரம் ஏறி வரவில்லை. வீட்டில் எந்தக் கதவைச் சாத்தினாலும் ஓட்டு இடுக்கால் வெயில் வரும். கதவுக்கு வெளியே நானும் அண்ணையும் இருப்போம். இவ்வளவு காலமும் வீடு முழுக்கத் தேடியும் கிடைக்காத இருட்டும் அமைதியும் மாமரத்தடியில் இருந்தன. உயிருக்குப் பயந்து வெட்டிய கிடங்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் எங்கள் மாமியாகத்தான் இருக்கும்.

ஒருநாள் முற்பகல். மெசினில் இருந்த மாமி திடீரென்று எழுந்து, ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மறு கையால் துவாயை இழுத்துக்கொண்டு, முற்றத்தால் பங்கருக்கு ஓடினார். வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு அக்கா அதைக் கண்டுவிட்டார். அந்தக் காலத்தில் யாராவது ஓடினால் ஏன் என்று கேட்பதில்லை. ஓடி ஒளித்த பிறகுதான் கேட்பது. அக்கா சீலைத் தொட்டிலான ஏணையில் கிடந்த தன் கைக்குழந்தையை வாரிக்கொண்டு பொட்டுக்குள்ளால் பாய்ந்து வந்தார். அக்காவைக் கண்ட அம்மா, அடுப்பில் கொதித்த கறியை அப்படியே விட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார். ஒழுங்கையால் போன மீன்காரர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு ஓடி வந்தார். மீன் பெட்டியைச் சைக்கிளிலேயே விட்டுவிட்டு வர அவருக்குத் தோன்றவில்லை. பெட்டியோடு இறங்கினார்.

இப்படி மாமியின் இருட்டுக்குள் நாங்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தோம். குழந்தை வீறிட்டது. அம்மா உரத்த குரலில் பிள்ளையாரைக் கூப்பிட்டார். மீன் நாற்றம் மூக்கை அடைத்தது. மாமி மூலையில் தலையைத் துவாயால் சுற்றி, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தார்.

“எங்கை பிளேன்? ஒரு சத்தத்தையும் காணேல்லை” என்றார் மீன்காரர்.

“ரீச்சரெல்லோ முதலிலை ஓடி வந்தவ” என்றார் அக்கா.

மூலையில் இருந்து மாமியின் குரல் வந்தது. “எனக்குத் தலையிடி. உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும், எல்லாரும் வெளியிலை போங்கோ.”

அவர் சொல்லி முடிக்கவில்லை, வானம் இரைந்தது. பொம்மர் எங்கள் தலைக்கு மேலால் போய், சந்திக்கு அப்பால் இருந்த தோட்டக் காணிகளில் குண்டைப் போட்டது. பனங்குற்றிக்கு இடையால் மண் கொட்டியது. எல்லாம் அடங்கிய பிறகு, மண் அப்பிய முகங்களோடு நாங்கள் அத்தனை பேரும் மாமியைப் பார்த்தோம். மாமி சத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரமே கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மீன்காரர் போன இடமெல்லாம் மீனோடு சேர்த்து அதையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பிளேன் வருவதற்கு முதலே ரீச்சருக்குத் தலைக்குள் தெரிந்துவிடுகிறதாம். பித்தத்தைக் கைவிட்ட பரியாரியார், சிலருக்கு நரம்பு மிகவும் நுண்ணியது, மற்றவர் காதுக்கு எட்டாத இரைச்சல் அந்த நரம்பில் முட்டும் என்று விளக்கம் கொடுத்தார். அண்ணை ஒரே சொல்லில் சொன்னார், “மாமியின்ரை தலை ராடர்.”

யோசித்துப் பார்த்தால் இப்போது தலை சுற்றுகிறது. பொம்மர் அடிக்கடி வந்த காலம் அது. கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு நேரத்தில் பங்கருக்குள் ஓடினாலும் சில நாள் சரியாகத்தான் இருக்கும். மாமி ஓடி, பிளேனும் வந்த நாளை ஊர் மறக்கவில்லை. மாமி ஓடி, பிளேன் வராத நாளில், ‘வேறை எங்கையோ போட்டிட்டுப் போட்டான்’ என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பிளேன் வந்தும் மாமிக்குத் தலையிடி இல்லாத நாளில் குண்டு தூரத்தில் விழுந்திருந்தால், ‘அதுதானே, எங்கடை ஊருக்கு வந்தால்தான் ரீச்சருக்கு இடிக்கும்’ என்றார்கள். எப்படிப் போட்டாலும் சரியாக வருகிற கணக்கு!

அதன் பிறகு காலையில் பொட்டடியில் ஆட்கள் வந்து நின்றார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பலாமா, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போகலாமா என்று தெரிந்துகொள்ள, “ரீச்சர், இண்டைக்குத் தலை எப்பிடி?” என்று கேட்டார்கள். இவ்வளவு காலமும் மச்சாளின் தலையிடியைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிய அம்மா, காலைத் தேத்தண்ணியை முதலில் மாமிக்கு ஊற்றினார். நான் மாமிக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். மாமி மட்டும் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். “உது வெறும் தலையிடி. எனக்கு ஒண்டும் முன்னுக்குத் தெரியிறேல்லை. என்னை நம்பாதேங்கோ.” தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய தலையிடியை ஊர் நம்பியது. அவர் சொன்னதைத்தான் நம்பவில்லை.

தலையிடி வந்த நாட்களில் அவருடைய பாடு இன்னும் கேவலமானது. பங்கருக்குப் போனால் ஊர் பின்னால் ஓடி வரும். போகாமல் அறைக்குள் கிடந்தால் ஓட்டு வெயில் கண்ணில் குத்தும். கடைசியில் வலி தாங்காமல் போய்த்தான் ஆவார். போனதும் குழந்தைகளும் கூக்குரலுமாக அந்தச் சின்ன இருட்டு நிறைந்துவிடும்.

மாமியை எல்லாரையும்விட அதிகமாக நம்பியது பக்கத்து வீட்டு அக்காதான். அவருக்கும் வேறு வழி இல்லை. அக்காவின் கணவர் சைக்கிளில் வெங்காயம் கட்டிக்கொண்டு கொடிகாமம் சந்தைக்குப் போகிறவர். விடிய வெளிக்கிட்டால் திரும்ப இருட்டிவிடும். கைக்குழந்தையோடு அக்கா தனியாக இருப்பார். போவதற்கு முன் கணவர் பொட்டடிக்கு வந்து மாமியிடம் கேட்டுவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவார். தலையிடி என்று மாமி சொன்னால் அன்று சந்தை இல்லை.

அன்றும் வந்து கேட்டார். முதல்நாள் முழுக்கக் கிடந்து எழும்பிய மாமி, கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றார். தலையிடி விட்டுப் போன காலைகளில் மாமிக்கு ஓர் அழகு வரும். குரல் தெளிந்திருக்கும். எனக்குப் புதுச் சட்டை வெட்டித் தருவதாக அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

“ரீச்சர், தலை எப்பிடி?”

“இண்டைக்கு நல்ல சுகம் தம்பி. நீர் போயிட்டு வாரும்.”

அவர் சிரித்துக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

வெயில் ஏறிய பிறகு மாமி கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். அன்று எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை; கிணற்றுக்கட்டில் இருந்து வாளி மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா குழந்தையின் துணிகளைக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தார். தூரத்தில் இரைச்சல் கேட்டது. எனக்கும் கேட்டது, மாமிக்கும் கேட்டது, அக்காவுக்கும் கேட்டது. மாமி கயிற்றைக் கைவிட்டார். வாளி போய்க் கிணற்றுக்குள் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

“பிளேன்! பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வாரும்!” என்று மாமி வேலிப் பக்கம் கத்தினார்.

அக்கா வானத்தைப் பார்த்தார். பிறகு மாமியின் முகத்தைப் பார்த்தார். தெளிந்து கிடந்த அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“பயப்பிடாதேங்கோ ரீச்சர். வேறை எங்கையோ போறான். உங்களுக்குத் தலையிடி இல்லையெல்லோ?”

சொல்லிவிட்டு அடுத்த துணியை உதறிக் கொடியில் போட்டார்.

மாமி என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பங்கர் வாசலில் தள்ளினார். நான் உருண்டு உள்ளே போய், எனக்கு முன்பே இறங்கியிருந்த அம்மாவின் காலில் விழுந்தேன். மாமி இறங்கவில்லை. “ஓடி வாரும், ஓடி வாரும்” என்று கத்திக்கொண்டு திரும்பப் பொட்டுப் பக்கம் ஓடினார். அவ்வளவுதான். பூமி என்னைத் தூக்கிப் போட்டது.

ஏறி வந்தபோது எனக்குக் காது கேட்கவில்லை. முற்றமெல்லாம் புழுதி. வேலி இருந்த இடத்தில் வேலி இல்லை, பொட்டு இருந்த இடத்தில் பொட்டு இல்லை. குழந்தையின் துணி ஒன்று எங்கள் மாமரத்தில் தொங்கியது. மாமி நெற்றியில் இரத்தத்தோடு பக்கத்து வீட்டுக்குள் இருந்து வந்தார். அவருடைய கையில் குழந்தை இருந்தது. வீட்டுக்குள் ஏணையில் கிடந்ததால் அதற்கு ஒரு கீறலும் இல்லை. அதன் வாய் பெரிதாகத் திறந்திருந்தது, சத்தம் மட்டும் எனக்குக் கேட்கவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்க முடியாதபடி அம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அக்கா செத்துப்போனார் என்று எனக்கு யாரும் சொன்னதாக நினைவில்லை. எப்படியோ தெரிந்துவிட்டது. ஆனால் என்னால் நம்ப முடியவில்லை. இப்போதுதானே சிரித்தார்! கையில் இன்னும் காயப் போடாத துணி இருந்ததே!

பொழுதுபடும் நேரம் அக்காவின் கணவர் வந்து சேர்ந்தார். வழியிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். சைக்கிளை ஒழுங்கையில் விழுத்திவிட்டு வந்தவர் அழவில்லை. அக்காவைக் கிடத்தியிருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சனத்துக்குள்ளால் நேராக மாமியிடம் வந்தார். மாமி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். அவர் மாமிக்கு முன்னால் குந்தியிருந்து கேட்டார்.

“ரீச்சர், இண்டைக்கு ஏன் உங்களுக்குத் தலை இடிக்கேல்லை?”

அவருடைய குரலில் கோபம் இல்லை. அறிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்பதுபோலத்தான் கேட்டார். அதுதான் பயங்கரம். நோ வரவில்லையே என்று ஒரு மனுசியிடம் கேட்கிறார்கள், அந்தச் செத்த வீட்டில் இருந்த அத்தனை பேரில் ஒருவருக்காவது அது என்ன கேள்வி என்று தோன்றவில்லை. அம்மாவும் அப்பாவும் பரியாரியாரும் மாமியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நானும் மாமியின் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றேன்.

மாமி குழந்தையின் முகத்தில் ஒட்டியிருந்த புழுதியைச் சீலைத் தலைப்பால் துடைத்தார்.

அதற்குப் பிறகு மாமிக்குத் தலையிடி வரவே இல்லை. அப்படித்தான் எங்கள் வீடு நம்பியது, ஊர் நம்பியது, நானும் நம்பினேன். “அதிர்ச்சியிலை நரம்பு அடங்கிப்போச்சு, சில பேருக்கு அப்பிடி மாறுறதுதான்” என்று பரியாரியார் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். யாராவது பழைய நினைவில் தலை எப்படி என்று கேட்டால், “தலையிடியோ? அது எப்பவோ விட்டிட்டுது. இரைச்சல் கேட்டால் எனக்காகப் பாத்துக்கொண்டு நில்லாதேங்கோ, ஓடுங்கோ” என்பார் மாமி. ஆட்கள் கேட்பதை விட்டுவிட்டு, பழையபடி தங்கள் காதை நம்பி ஓடத் தொடங்கினார்கள்.

மாமி விறாந்தையில் இருந்த தையல் மெசினை முற்றத்துக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டார். ஒழுங்கையால் போகிற வருகிறவர்களுக்கும் பக்கத்து வளவுக்கும் தெரியக்கூடிய இடம். உச்சி வெயிலிலும் அங்கேயே இருந்து தைத்தார். பிளேன் வந்தால் எல்லாரோடும் பங்கருக்குள் இறங்குவார், எல்லாரோடும் ஏறி வருவார். வேறு நேரத்தில் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. வேலியைத் திரும்ப அடைத்தபோது பொட்டும் திரும்ப வைத்தோம். காலையில் அந்தப் பொட்டால் அக்காவின் கணவர் குழந்தையைக் கொண்டுவந்து மாமியிடம் கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போனார். அவர் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. குழந்தை நாள் முழுக்க மாமியின் காதடியில் கத்தியது. புகையிலைக்குப் புகை போடும் காலம் வந்தபோது, அம்மா வேண்டாம் என்று சொல்லியும் மாமியே குடிலடியில் நின்று பொச்சு மூட்டினார். “பாத்தியே, மச்சாளுக்கு நல்லா மாறிட்டுது” என்று அம்மா உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார்.

சில விசயங்களை நான் கண்டேன்தான். மாமி சில மத்தியானங்களில் வாழைகளுக்குப் பின்னால் போய், திரும்பி வந்து வாய் கொப்பளித்ததைக் கண்டேன். “என்ன மாமி?” என்று கேட்டால், “வெயில் பிள்ளை” என்பார். பிழை இல்லாமல் தைப்பவர் என்று பெயர் வாங்கியவர் எனக்குத் தைத்த பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு பக்க ஓரம் நேராகவும் மறுபக்கம் கோணலாகவும் இருந்தது. அண்ணை பழித்தார். நான் அதைப் போட்டுக்கொண்டு போனேன்.

பள்ளிக்கூடம் போவதற்கு முன் மாமியிடம் ஒன்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. மூன்றாம் வகுப்பில் பயந்ததை விளையாட்டாக மாற்றிக்கொண்டேன் போலும். “மாமி, என்ரை முகம் முழுசா இருக்கோ?” என்பேன். மாமி என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, “இருக்குது, இருக்குது, வாயும் இருக்குது” என்று சொல்லித் திருநீறு பூசிவிடுவார்.

ஒருநாள் அப்படிக் கேட்டபோது மாமி முற்றத்து வெயிலில் மெசினுக்கு முன்னால் இருந்தார். கொட்டாவி கொட்டாவியாக விட்டுக்கொண்டிருந்தார். குழந்தை காலடியில் கிடந்து அழுதது. மாமி கையை நீட்டினார். கை என் காதுக்கு வெளியே வெறுங்காற்றில் கொஞ்சம் நின்றது. பிறகு கன்னத்தில் பட்டது. அங்கிருந்து மெல்ல மூக்கைத் தடவி, மறு கன்னத்துக்குப் போய், அங்கேயே தங்கியது. விரல்கள் குளிர்ந்திருந்தன.

“ஓம் பிள்ளை. முழுசா இருக்கு” என்றார்.

திருநீறு நெற்றி நடுவில் விழாமல் ஒரு பக்கமாக விழுந்தது. நான் அதைத் துடைக்கவில்லை. மாமி அதற்கு முன் என் கன்னத்தை அப்படித் தடவியதே இல்லை. அன்று பள்ளிக்கூடத்துக்கு நான் துள்ளிக்கொண்டு போனேன்.

மாமி இப்போது இல்லை. எனக்கு முதன்முதலாக அந்த வெளிச்சம் வந்தது என் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில். கண்ணுக்குள் கருக்குக் கருக்காக மினுங்கியதும் அது என்னவென்று தெரிந்துவிட்டது. மாமி சொல்லித் தந்த வெளிச்சம் அல்லவா! என் வீட்டு யன்னல்களுக்குத் தடித்த திரை இருக்கிறது. அறைக் கதவைச் சாத்திப் படுத்துவிட்டால் எல்லாரும் விரல் நுனியில் நடப்பார்கள். அப்படி இருந்தும், வெளிச்சம் ஓய்வதற்கு முன்பே வலி தொடங்கி, தலையைச் சுவரில் முட்டி உடைக்கலாம் போல் இருந்தது. முற்றத்து வெயில், மெசின் சத்தம், பொச்சுப் புகை, காதடியில் குழந்தையின் அழுகை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, படுக்கையில் கிடந்து வாய்விட்டு அழுதேன். ஒருவருக்கும் தெரியாமல் எப்படி இருந்தார்? அத்தனை வருசமும் எப்படி இருந்தார்!

அழுகைச் சத்தம் கேட்டு மகள் கதவைத் திறந்துகொண்டு வந்து கட்டிலடியில் நின்றாள். அவளுடைய முகத்தில் பாதியைக் காணவில்லை. பயப்படாதே என்று சொல்வதற்காகக் கையை நீட்டினேன். கை வெறுங்காற்றில் போய் நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் அவளுடைய கன்னம் இருந்தது.

அன்று முற்றத்து வெயிலில் மாமியின் கை என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. மாமி என்னைக் கொஞ்சுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.